பழைய லேப்டாப்பை பார்மட் செய்யாமலே லேசாக்கலாம்: மலையில் இருப்பவர்களுக்கான வழிகாட்டி

லினக்ஸ் (விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் இலவச இயங்குதளம்) போட்ட பழைய லேப்டாப் வீட்டில் இருக்கிறது. ஆன் செய்தால் திரை வரவே பல நிமிடம் ஆகிறது, பிரவுசரைத் திறந்தால் மவுஸ் அம்பு நின்று நின்று நகர்கிறது. உங்கள் நிலைமை இதுதான் என்றால் தொடர்ந்து படியுங்கள். கோத்தகிரி, குன்னூர், ஊட்டி, மஞ்சூர் பக்கம் இப்படிப்பட்ட லேப்டாப்கள் ஏராளம். 2011-ல் தொடங்கிய அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தில் வந்தவை, அக்கா படித்து முடித்துவிட்டுத் தம்பிக்குக் கொடுத்தவை, ஏதோ கம்பெனியில் கழித்துக்கட்டியதை செகண்ட் ஹேண்டில் வாங்கியவை. கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால் பெரும்பாலும் ஒரே பதில்தான்: "பார்மட் பண்ணணும், இல்லன்னா புதுசு வாங்கிடுங்க."

இரண்டுமே உடனே தேவையில்லை. லினக்ஸில் டெஸ்க்டாப் என்பது, அதாவது மெனு, டாஸ்க்பார், ஐகான் எல்லாம் சேர்ந்த திரை, தனியாகக் கழற்றி மாட்டக்கூடிய பாகம். உங்கள் ஃபைல்கள், பாஸ்வேர்டுகள் எதையும் தொடாமல், இப்போது இருக்கும் டெஸ்க்டாப்புக்குப் பக்கத்திலேயே லேசான இன்னொன்றை நிறுவிக்கொள்ளலாம். லாகின் செய்யும்போது எது வேண்டுமோ அதைத் தேர்ந்தெடுக்கலாம். பிடிக்கவில்லையா, லாக் அவுட் செய்து பழையதற்கே திரும்பிவிடலாம். ஒரு பார்ட்ஸுக்குக் கீழே கோயம்புத்தூர் வரை போய் வந்தால் ஒரு நாள் கூலி போகிற ஊரில், இப்படித் திரும்பி வர வழி இருப்பது பெரிய விஷயம்.

நான் இதைத் தட்டுத்தடுமாறித்தான் கற்றுக்கொண்டேன். நிறுவும் முறை எங்கும் கிடைக்கிறது. ஆனால் நடுவில் கரண்ட் போனால் என்ன செய்வது, டவர் இல்லாத ஹட்டியில் (மலைக் கிராமத்தில்) எப்படி டவுன்லோட் செய்வது, மாறிய பிறகு தமிழில் அடிக்க முடியாமல் போவது ஏன் என்பதற்கெல்லாம் ஒரே இடத்தில் பதில் இல்லை. அதைத்தான் இங்கே சேர்த்திருக்கிறேன்.

கீழே உள்ள படிகள் லினக்ஸின் வகைகளான லினக்ஸ் மின்ட், உபுண்டு, டெபியன் மூன்றுக்கும் பொருந்தும். விண்டோஸ் மட்டுமே வைத்திருப்பவர்களும், அரசு லேப்டாப்பில் வந்த பழைய பாஸ் லினக்ஸையே இன்னும் வைத்திருப்பவர்களும் 3-ம், 4-ம் படிகளைப் படித்துவிட்டு 10-ம் படிக்குப் போங்கள்.

1. எதனால் மெதுவாகிறது என்று முதலில் பாருங்கள்

டெஸ்க்டாப்பை மாற்றினால் மிச்சமாவது முக்கியமாக ரேம்தான். உங்கள் சிக்கல் ரேமில் இல்லையென்றால் மாற்றிப் பயனில்லை.

லேப்டாப்பை ஆன் செய்து, லாகின் செய்து, எதையும் திறக்காமல் ஐந்து நிமிடம் விடுங்கள். அப்புறம் சிஸ்டம் மானிட்டரைத் திறந்து மெமரி, ஸ்வாப் (ரேம் நிரம்பும்போது அதற்குப் பதிலாக டிஸ்க்கில் பயன்படும் இடம்) இரண்டையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு நீங்கள் வழக்கமாகத் திறக்கும் எல்லாவற்றையும் திறந்து மறுபடி எழுதுங்கள். ஸ்வாப் எண் ஏறிக்கொண்டே போனால் ரேம் போதவில்லை என்று அர்த்தம். டெஸ்க்டாப்பை மாற்றினால் பலன் தெரியும்.

மெமரி பாதிதான் நிரம்பியிருக்கிறது, ஆனாலும் எல்லாம் தவழ்கிறது என்றால் ஹார்ட் டிஸ்க் மேல் சந்தேகப்படுங்கள். டிஸ்க்ஸ் என்ற கருவியில் உங்கள் ஹார்ட் டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்து, மெனுவில் ஸ்மார்ட் என்று தொடங்கும் வரியைத் திறந்தால் டிஸ்க்கின் உடல்நிலை தெரியும். கெட்டுப்போன செக்டர்களின் எண்ணிக்கை ஏறியிருந்தால் வேறு எதுவும் செய்வதற்கு முன்னால் ஃபைல்களை வெளியே எடுத்துவிடுங்கள்.

மூன்றாவது காரணம் சூடு. குளிர் ஊர்தானே, லேப்டாப் எங்கே சூடாகப் போகிறது என்று நினைக்க வேண்டாம். நம் ஊரில் லேப்டாப்பை மடியில் கம்பளி மேலே வைத்துத்தான் பாதிப் பேர் வேலை பார்க்கிறோம். அடியில் காற்று போகும் வழியைக் கம்பளி அடைத்துவிடும், அதன் நூல் ஃபேனுக்குள் போய்ச் சுற்றிக்கொள்ளும். சூடு ஏறினால் பிராசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஃபேனைச் சுத்தம் செய்து, ஒரு பலகை மேல் வைத்துப் பார்த்துவிட்டு அப்புறம் மற்றதை யோசியுங்கள்.

2. எதற்கு மாறுவது

லேசான டெஸ்க்டாப் என்று தேடினால் பத்துப் பெயர் வரும். புதிதாக வருபவர்களுக்கு நான் இரண்டைத்தான் சொல்வேன்.

எக்ஸ்எஃப்சிஇ: 4 ஜிபி ரேம் உள்ள லேப்டாப்புக்கு இதுவே போதும். மெனு, டாஸ்க்பார், ஐகான் எல்லாம் பழைய விண்டோஸ் போலவே இருப்பதால் வீட்டில் பெரியவர்களுக்கும் பழக வேண்டியது குறைவு. வருடக்கணக்கில் முகம் மாறாத டெஸ்க்டாப் இது. என் முதல் தேர்வும் இதுதான்.

எல்எக்ஸ்க்யூடி: 2 ஜிபி ரேம் மட்டுமே உள்ளவற்றுக்கு. எக்ஸ்எஃப்சிஇயை விட இன்னும் கொஞ்சம் லேசு. செட்டிங்ஸ் ஆங்காங்கே சிதறியிருக்கும், பழகக் கொஞ்சம் நாள் ஆகும்.

மாட்டே, ஐஸ்டபிள்யூஎம், ஓப்பன்பாக்ஸ் ஆகியவையும் நல்லவைதான். ஆனால் ஓப்பன்பாக்ஸ் போன்றவற்றில் வைஃபை ஐகான் முதல் சவுண்ட் வரை நீங்களே ஒவ்வொன்றாகப் பொருத்த வேண்டும். அவசரமாக ஆன்லைன் விண்ணப்பம் போட வேண்டிய வீட்டுக்கு அது ஒத்துவராது.

எவ்வளவு மிச்சமாகும்? உபுண்டுவில் வழக்கமாக வரும் கனமான டெஸ்க்டாப்பான க்னோமில் எதையும் திறக்காமலே ஒரு ஜிபிக்கு மேல் போவது சாதாரணம். எக்ஸ்எஃப்சிஇயில் அது ஏறத்தாழ பாதியாக இறங்கும். 4 ஜிபி லேப்டாப்பில் அந்த அரை ஜிபி நன்றாகவே தெரியும். 8 ஜிபி இருந்தால் பெரிதாகத் தெரியாது. அப்படிப்பட்டவர்கள் இந்த வேலையை விட்டுவிட்டு எஸ்எஸ்டி (சுழலும் ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலான வேகமான டிஸ்க்) வாங்குங்கள்.

3. கையில் இருக்க வேண்டியவை

டெஸ்க்டாப்பை மட்டும் மாற்றும் முறையில் ஃபைல் எதுவும் அழியாது. ஆனாலும் பேக்அப் இல்லாமல் தொடங்காதீர்கள். பழைய ஹார்ட் டிஸ்க் எப்போது கையை விரிக்கும் என்று யாருக்கும் தெரியாது.

பென்டிரைவில் முதலில் போக வேண்டியவை: மதிப்பெண் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் ஆகியவற்றின் ஸ்கேன்கள், இ-சேவையில் இறக்கிய பிடிஎஃப்கள், உதவித்தொகை விண்ணப்பத்தின் ரசீது எண்கள், வங்கி ஸ்டேட்மென்ட்டுகள். இவற்றில் பல டவுன்லோட்ஸ் ஃபோல்டரிலேயே கிடக்கும். அதை மறந்துவிட்டு டாக்குமென்ட்ஸை மட்டும் காப்பி எடுப்பவர்கள் அதிகம். வீட்டுப் படங்கள் அதற்குப் பிறகு.

தாளில் எழுத வேண்டியவை: லேப்டாப் லாகின் பாஸ்வேர்ட், வைஃபை பாஸ்வேர்ட், பிரவுசரில் சேமித்துவைத்த முக்கியமான பாஸ்வேர்டுகள், பிரின்டரின் மாடல் எண். லாகின் பாஸ்வேர்ட் இல்லாமல் எதையும் நிறுவ முடியாது. தானாகவே லாகின் ஆகும்படி வைத்திருப்பவர்களுக்குப் பாஸ்வேர்டே மறந்துபோயிருக்கும், முதலில் அதைச் சோதித்துக்கொள்ளுங்கள்.

அதே டிஸ்க்கில் விண்டோஸும் இருந்து, அதில் பிட்லாக்கர் பூட்டு போட்டிருந்தால் அதன் ரெக்கவரி கீயையும் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

4. செலவு

மென்பொருளுக்கு ஒரு பைசா கிடையாது. செலவாவது டேட்டாவும் நேரமும்தான். எக்ஸ்எஃப்சிஇயோ எல்எக்ஸ்க்யூடியோ நிறுவச் சில நூறு எம்பி இறங்கும். சரியாக எவ்வளவு என்பதை நிறுவும் முன்பே கணினி காட்டிவிடும். தினசரி 1.5 ஜிபி டேட்டா பேக் வைத்திருப்பவர்களுக்குக் கூட ஒரே நாளில் முடிந்துவிடும்.

டெஸ்க்டாப்பை மாற்றியும் போதவில்லை என்றால் அடுத்த செலவு ரேமா எஸ்எஸ்டியா என்ற கேள்வி வரும். 2 ஜிபி ரேம் இருந்தால் முதலில் ரேம். 4 ஜிபி இருந்து, சுழலும் ஹார்ட் டிஸ்க்காக இருந்தால் முதலில் எஸ்எஸ்டி. நான் விசாரித்தபோது 240 அல்லது 256 ஜிபி சாட்டா எஸ்எஸ்டிக்கு இரண்டாயிரம் ரூபாயை ஒட்டிச் சொன்னார்கள். விலை மாதத்துக்கு மாதம் ஏறி இறங்குகிறது, போன் செய்து கேட்டுவிட்டே கிளம்புங்கள். பில் கட்டாயம் வாங்குங்கள். எஸ்எஸ்டிக்குப் பெரும்பாலும் 3 ஆண்டு உத்தரவாதம் உண்டு, பில் இல்லாமல் அது செல்லாது.

வாங்கும்போது இரண்டு இடத்தில் ஏமாற வாய்ப்பு இருக்கிறது. டிடிஆர்3 ரேமில் 1.5 வோல்ட் ஒன்று, 1.35 வோல்ட் ஒன்று. இரண்டாவதன் பெயரில் எல் என்ற எழுத்து கூடுதலாக இருக்கும். எல் இல்லாத ரேம், எல் மட்டுமே ஏற்கும் லேப்டாப்பில் வேலை செய்யாது. ஸ்லாட்டில் கச்சிதமாக உட்கார்ந்துவிடும் என்பதால் கடையில் தெரியாது, வீட்டுக்கு வந்து ஆன் செய்தால் திரை வராது. பழைய ரேமைக் கழற்றிக் கையிலேயே எடுத்துப் போவது உத்தமம். அடுத்தது, 500 ஜிபி டிஸ்க்கில் இருப்பதை 240 ஜிபி எஸ்எஸ்டிக்கு அப்படியே குளோன் செய்ய நினைப்பது. குளோன்ஸில்லா போன்ற கருவிகள் புதிய டிஸ்க் சிறியதாக இருந்தால் ஒத்துக்கொள்ளாது. பார்ட்டிஷனைச் சுருக்கத் தெரியாதவர்கள் எஸ்எஸ்டியில் புதிதாகவே நிறுவிக்கொள்ளலாம்.

இன்னொரு சின்னச் செலவு, மதர்போர்டில் இருக்கும் காசு போன்ற பேட்டரி. பல லேப்டாப்களில் சிஆர்2032 வகைதான் இருக்கும். அது செத்துப்போனால் லேப்டாப்பின் தேதி பல ஆண்டு பின்னால் போய்விடும். தேதி தப்பாக இருந்தால் இணையதளங்கள் பாதுகாப்பில்லை என்று சொல்லித் திறக்காது, மென்பொருள் பட்டியலும் இறங்காது. நெட் சரியாக இருந்தும் எதுவும் டவுன்லோட் ஆகவில்லை என்றால் முதலில் கடிகாரத்தைப் பாருங்கள்.

5. நாளும் நேரமும்

டவுன்லோடை விட்டுவிட்டால், பழைய ஹார்ட் டிஸ்க்கில் நிறுவ அரை மணி முதல் ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு செட்டிங்ஸ் சரிசெய்ய ஒரு மாலைப் பொழுது.

நீலகிரியில் இதற்கு நாள் பார்க்க வேண்டியிருக்கிறது. ஜூன், ஜூலையில் காற்றும் மழையுமாக இருக்கும்போது எங்காவது ஒரு கற்பூர மரம் (யூகலிப்டஸ்) கரண்ட் கம்பி மேல் விழும், அன்றைக்கு முழுக்க கரண்ட் இருக்காது. கூடலூர், பந்தலூர் பக்கம் கேட்கவே வேண்டாம். அக்டோபர், நவம்பரிலும் இதே கதைதான். பழைய லேப்டாப்பின் பேட்டரி இருபது நிமிடம் தாங்கினாலே அதிகம். டிசம்பர், ஜனவரி உறைபனியில் அதுவும் குறையும். டெஸ்க்டாப் நிறுவும்போது நடுவில் அணைந்துவிட்டால் உலகம் முடிந்துவிடாது (9-ம் படியைப் பாருங்கள்), ஆனால் தவிர்க்க முடிந்தால் தவிர்த்துவிடுங்கள். மின்தடை அறிவிப்பு இல்லாத, வானம் தெளிந்த நாளாகப் பாருங்கள். வீட்டில் இன்வர்ட்டர் இருந்தால் இந்தக் கவலையே இல்லை.

சிக்னலுக்கு விடியற்காலை நல்லது. ஏப்ரல், மே சீசனில் ஊட்டி, குன்னூரில் பகல் முழுக்க டவர் நெரிசலாக இருக்கும். போனை ஹாட்ஸ்பாட்டாக வைப்பதை விட யூஎஸ்பி கேபிள் வழியாக லேப்டாப்புக்கு நெட் கொடுங்கள். போனில் சார்ஜும் இறங்காது, இணைப்பும் அடிக்கடி அறுபடாது.

வீட்டில் சிக்னலே இல்லாதவர்களுக்கும் வழி உண்டு. சினாப்டிக் என்ற பொதி மேலாளரில் (பொதி என்றால் நிறுவத் தயாராகக் கட்டிய மென்பொருள்), வேண்டியவற்றைத் தேர்ந்தெடுத்த பிறகு ஃபைல் மெனுவில் டவுன்லோட் ஸ்கிரிப்ட் உருவாக்கும் வரி இருக்கும். அது தரும் ஃபைலைப் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு, நல்ல நெட் உள்ள இடத்தில் வேறொரு லினக்ஸ் கணினியில் ஓடவிட்டால் தேவையான பொதிகள் அத்தனையும் இறங்கிவிடும். திரும்பி வந்து, அதே ஃபைல் மெனுவில் இறக்கிய பொதிகளைச் சேர்க்கும் வரியைத் தட்டினால் நெட் இல்லாமலே நிறுவிக்கொள்ளலாம். கல்லூரியில் லினக்ஸ் லேப் இருக்கும் மாணவர்களுக்கு இது மிகவும் வசதி. பொதிப் பட்டியல் பழையதாக இருந்தால் ஸ்கிரிப்டில் உள்ள முகவரிகள் கிடைக்காமல் போகும். அதனால் கொஞ்சமாவது சிக்னல் வரும் இடத்துக்கு லேப்டாப்பைக் கொண்டுபோய் ரீலோட் பட்டனை மட்டும் தட்டிவிட்டு அப்புறம் ஸ்கிரிப்ட் எடுங்கள்.

6. நிறுவுதல்

முதலில் டிஸ்க்கில் குறைந்தது 5 ஜிபி காலியாக இருக்கிறதா என்று பாருங்கள். சினாப்டிக்கைத் திறந்து (இல்லையென்றால் முதலில் அதை நிறுவிக்கொண்டு) ரீலோட் செய்யுங்கள். இதைச் செய்யாமல் நேராக நிறுவப் போனால் பாதியில் 404 பிழைகள் வரும்.

பிறகு தேடுங்கள். எல்லாமே ஆங்கிலச் சிறிய எழுத்தில்.

லினக்ஸ் மின்ட்டில்: மின்ட்-மெட்டா-எக்ஸ்எஃப்சிஇ (mint-meta-xfce) என்ற பொதி. மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பில் வரும் அதே டெஸ்க்டாப் கிடைக்கும்.

உபுண்டுவில்: சுபுண்டு-டெஸ்க்டாப் (xubuntu-desktop). அதிலும் சுருக்கமாக வேண்டுமென்றால் சுபுண்டு-கோர். எல்எக்ஸ்க்யூடிக்கு லுபுண்டு-டெஸ்க்டாப் (lubuntu-desktop).

டெபியனில்: டாஸ்க்-எக்ஸ்எஃப்சிஇ-டெஸ்க்டாப் (task-xfce-desktop) அல்லது டாஸ்க்-எல்எக்ஸ்க்யூடி-டெஸ்க்டாப் (task-lxqt-desktop).

வெறும் எக்ஸ்எஃப்சிஇ4 என்ற பொதியும் கண்ணில் படும். சிறியதாக இருக்கிறதே என்று அதை மட்டும் தேர்ந்தெடுத்தால் வைஃபை ஐகானும் சவுண்ட் ஐகானும் வராமல் போகலாம். நெட் இல்லாமல் அதைச் சரிசெய்வது பெரும்பாடு. மேலே சொன்ன முழுப் பொதிகளையே எடுங்கள்.

தேர்ந்தெடுத்து அப்ளை தட்டும் முன் சினாப்டிக் ஒரு பட்டியல் காட்டும். அதில் நீக்கப்படுபவை என்ற பகுதி காலியாக இருக்க வேண்டும். ஏதாவது நீக்கப்படும் என்று சொன்னால் நிறுத்திவிட்டு என்னவென்று பாருங்கள்.

உபுண்டுவிலும் டெபியனிலும் நடுவில் ஒரு கேள்வி வரும்: லாகின் திரைக்கு ஜிடிஎம்3, லைட்டிஎம், எஸ்டிடிஎம் இவற்றில் எது என்று. எக்ஸ்எஃப்சிஇ என்றால் லைட்டிஎம், எல்எக்ஸ்க்யூடி என்றால் எஸ்டிடிஎம் தேர்ந்தெடுங்கள். ஜிடிஎம் தன் லாகின் திரைக்கே க்னோமின் பாகங்களை ஏற்றும், பழைய லேப்டாப்புக்கு அது வீண் சுமை. இந்தக் கேள்வி சில சமயம் ஜன்னலுக்குள் மறைந்திருக்கும். நிறுவுதல் நீண்ட நேரம் நின்றபடியே இருந்தால் விவரம் காட்டும் பகுதியை விரித்துப் பாருங்கள், கேள்வி பதிலுக்காகக் காத்திருக்கும். அங்கே மவுஸ் வேலை செய்யாது. அம்பு விசை, டேப், என்டர் மூன்றும் போதும்.

முடிந்ததும் ரீஸ்டார்ட்.

7. லாகின் திரையில் மாறுவது

இது எளிது, ஆனால் நிறையப் பேர் இங்கேதான் குழம்புகிறார்கள். எல்லாம் நிறுவியும் பழைய டெஸ்க்டாப்பே வருகிறதே என்பார்கள். எது வேண்டும் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

மின்ட்டில் உங்கள் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன ஐகானைத் தட்டுங்கள். லைட்டிஎம்மில் பெரும்பாலும் மேலே வலது பக்கம் இருக்கும். ஜிடிஎம் வைத்திருந்தால் பெயரைத் தட்டிய பிறகு கீழே வலது மூலையில் பல்சக்கரம் தெரியும். எஸ்டிடிஎம்மில் தீமைப் பொறுத்துத் திரையின் ஏதாவது ஓரத்தில் இருக்கும். அங்கே எக்ஸ்எஃப்சிஇ செஷன் என்று தேர்ந்தெடுத்துப் பாஸ்வேர்ட் கொடுங்கள். ஒரு முறை சொன்னால் போதும், அடுத்த முறை அதுவே வரும். தானாக லாகின் ஆகும்படி வைத்திருப்பவர்கள் ஒரு முறை லாக் அவுட் செய்தால் இந்தத் திரை வரும்.

உங்கள் கணக்கில் பழைய டெஸ்க்டாப்பின் தீம், ஐகான் அமைப்புகள் கலந்து வருமோ என்று தயங்கினால், புதிதாக ஒரு யூசர் கணக்கைத் தொடங்கி முதலில் அதில் ஓட்டிப் பாருங்கள். வீட்டில் பலர் பயன்படுத்தும் லேப்டாப்பில் நான் இதைத்தான் சொல்வேன். அம்மாவுக்குப் பழகிய திரை அப்படியே இருக்கும், நீங்கள் மட்டும் புதியதில் பழகலாம்.

8. முதல் நாளில் சரிசெய்ய வேண்டியவை

தமிழ்த் தட்டச்சு. இதை முதலில் வைக்கிறேன், ஏனென்றால் இதனால் மனம் வெறுத்துப் பழையதற்கே திரும்பியவர்கள் உண்டு. க்னோமில் ஐபஸ் (தமிழில் அடிக்க உதவும் மென்பொருள்) தானாகவே ஓடிக்கொண்டிருக்கும். எக்ஸ்எஃப்சிஇயில் நாம்தான் சொல்ல வேண்டும். ஐபஸ்-எம்17என் (ibus-m17n) என்ற பொதி இருக்கிறதா என்று சினாப்டிக்கில் பாருங்கள், இல்லையென்றால் நிறுவுங்கள். பிறகு ஐஎம்-கான்ஃபிக் (im-config) என்ற கருவியைத் திறந்து ஐபஸைத் தேர்ந்தெடுத்து, லாக் அவுட் செய்து மறுபடி உள்ளே வாருங்கள். ஐபஸ் பிரிஃபரன்சஸில் தமிழ்99 அல்லது ஃபொனெடிக் சேர்த்துக்கொள்ளலாம். எக்ஸ்எஃப்சிஇயின் கீபோர்டு செட்டிங்ஸிலும் தமிழ் லேஅவுட் இருக்கும். ஆனால் தமிழ்99-ல் தானாகப் புள்ளி விழும் வசதி அதில் வராது. அந்தப் பழக்கம் உள்ளவர்கள் ஐபஸையே பயன்படுத்துங்கள். எழுத்துரு கட்டம் கட்டமாகத் தெரிந்தால் லோகித் தமிழ் அல்லது நோட்டோ எழுத்துருவை நிறுவுங்கள்.

டச்பேடைத் தட்டினால் கிளிக் ஆகவில்லையா? கெட்டுப்போகவில்லை. மவுஸ் அண்ட் டச்பேட் செட்டிங்ஸில் தட்டினால் கிளிக் என்ற கட்டத்தை டிக் செய்யுங்கள்.

தொடக்கத்தில் தானாக ஓடுபவை: செஷன் அண்ட் ஸ்டார்ட்அப் பகுதியில் ஒரு பட்டியல் இருக்கும். புளூடூத் பயன்படுத்தாதவர்கள் அதை எடுத்துவிடலாம், பிரின்டர் இல்லாதவர்கள் பிரின்ட் கியூவை. என்னவென்று தெரியாததைத் தொடாதீர்கள். அதே இடத்தில், லாக் அவுட்டின்போது செஷனைச் சேமிக்கும் டிக்கை எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் நேற்றுத் திறந்திருந்த அத்தனையும் இன்று காலையிலும் திறந்துகொள்ளும்.

விண்டோ மேனேஜர் ட்வீக்ஸில் கம்பாசிட்டர் என்ற தாவல் இருக்கும். நிழல், ஒளி ஊடுருவல் எல்லாம் அதன் வேலை. 2 ஜிபி லேப்டாப்பில் அணைத்துவிடுங்கள். வீடியோ பார்க்கும்போது திரை கிழிவது போலத் தெரிந்தால் மறுபடி ஆன் செய்துகொள்ளலாம்.

பிரவுசர். டெஸ்க்டாப்பில் மிச்சம் பிடித்த அரை ஜிபியை நாலைந்து தாவல்கள் விழுங்கிவிடும். ஃபயர்ஃபாக்ஸில் யூபிளாக் ஆரிஜின் போடுங்கள், விளம்பரங்கள் போனாலே பக்கங்கள் லேசாகும். யூடியூபில் வகுப்பு பார்ப்பவர்கள் 480 தரத்தில் பாருங்கள். எச்264ஃபை (h264ify) என்ற நீட்சியைப் போட்டால், பழைய கிராஃபிக்ஸ் சிப்புக்குப் பழக்கமான வடிவத்தில் வீடியோ வரும், பிராசசருக்குச் சுமை குறையும். உபுண்டுவில் ஃபயர்ஃபாக்ஸ் ஸ்னாப் என்ற வேறு வகைப் பொதியாக வருகிறது. சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் அது முதல் முறை திறக்க நேரம் எடுக்கும், அதை டெஸ்க்டாப் மேல் பழி போட வேண்டாம்.

உபுண்டு, மின்ட் வைத்திருப்பவர்களுக்கு ஒரு நல்ல கூடுதல்: ஜெட்ராம்-கான்ஃபிக் (zram-config) என்ற சிறிய பொதி. ரேமில் உள்ளதையே சுருக்கி வைத்து இடம் உண்டாக்கும். நிறுவினால் போதும், அமைக்க எதுவும் இல்லை. 2 ஜிபி லேப்டாப்பில் வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

எல்லாம் முடிந்ததும் முதல் படியில் எழுதிய தாளை எடுத்து, அதே முறையில் மறுபடி மெமரியைப் பாருங்கள். உணர்வை மட்டும் நம்பாமல் எண்ணை வைத்து முடிவெடுங்கள்.

பழைய டெஸ்க்டாப்பை நீக்க வேண்டுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். என் பதில், வேண்டாம். அது டிஸ்க்கில் ஓரிரு ஜிபி இடத்தை மட்டும்தான் பிடித்திருக்கிறது, ஓடாதபோது ரேமை ஏறக்குறைய தொடுவதே இல்லை. நீக்கும்போதுதான் ஆபத்து. உபுண்டு-டெஸ்க்டாப் போன்ற பெரிய பொதியை எடுத்தால், அதைச் சார்ந்து வந்த நூற்றுக்கணக்கான பொதிகள் இனி தேவையில்லாதவை என்ற பட்டியலுக்குப் போய்விடும். அடுத்து அந்தப் பட்டியலில் உள்ளவற்றைத் துடைக்கும் ஆட்டோரிமூவ் கட்டளையை ஓட்டினால் நெட்வொர்க் மேனேஜரும் சேர்ந்து போகலாம். வைஃபை இல்லாத லேப்டாப்புடன் மலை மேல் உட்கார்ந்திருக்க வேண்டிவரும். டிஸ்க்கில் உண்மையிலேயே இடம் இல்லையென்றால் மட்டும், புதியதில் சில வாரம் நன்றாக ஓட்டிய பிறகு, சினாப்டிக்கில் நெட்வொர்க் மேனேஜரைத் தேர்ந்தெடுத்து, பொதி மெனுவில் தானாக நிறுவப்பட்டது என்ற டிக்கை எடுத்துவிட்டு, அப்புறம் ஒவ்வொன்றாக நீக்குங்கள்.

9. நடுவில் கரண்ட் போய்விட்டால்

டவுன்லோட் நடக்கும்போது போனால் கவலையே இல்லை. மறுபடி தொடங்கினால் ஏற்கெனவே இறங்கியவை அப்படியே இருக்கும், மிச்சம் மட்டும் இறங்கும்.

நிறுவும்போது போனால், அடுத்த முறை சினாப்டிக் திறக்கும்போது டிபிகேஜி (பொதிகளை நிறுவும் கருவி) பாதியில் நின்றுவிட்டது என்று சொல்லி, ஓட்ட வேண்டிய கட்டளையையும் அதுவே காட்டும். டெர்மினலை (கட்டளைகளை அடிக்கும் ஜன்னலை) திறந்து அந்த வரியை ஒரு எழுத்து மாறாமல் அடியுங்கள். பாஸ்வேர்ட் அடிக்கும்போது திரையில் எதுவும் தெரியாது, அது இயல்புதான். முடிந்ததும் சினாப்டிக்கின் எடிட் மெனுவில் உடைந்த பொதிகளைச் சரிசெய்யும் வரியைத் தட்டி, அப்ளை கொடுங்கள்.

திரையே வரவில்லை, கறுப்பாக நிற்கிறது என்றால்: ஆன் செய்ததும் ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடியுங்கள் (கொஞ்சம் புதிய லேப்டாப்களில் எஸ்கேப்பை ஒரு முறை தட்ட வேண்டும்). வரும் மெனுவில் அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ், அதற்குள் ரெக்கவரி மோட். உபுண்டு, மின்ட் இரண்டிலும் அங்கே டிபிகேஜி என்று ஒரு வரி இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்தால் பாதியில் நின்றதை முடித்துக்கொடுக்கும். இந்தப் பக்கத்தைப் போனில் சேமித்துவைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குவது நல்லது. லேப்டாப் நின்றுபோனால் படிக்க வேறு வழி இருக்காது.

10. விண்டோஸ், பழைய பாஸ் லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு

பாஸ் லினக்ஸின் பழைய பதிப்பிலோ ஆதரவு முடிந்த உபுண்டுவிலோ பக்கத்தில் நிறுவும் வழி சரிப்படாது. புதிய பொதிகள் வராது, பாதுகாப்பும் இல்லை. உபுண்டு 20.04-க்கு வழக்கமான ஆதரவு 2025 மே மாதத்தோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப் வேண்டும், இந்த வயது லேப்டாப்களில் அது இருக்காது.

இவர்கள் புதிதாகத்தான் நிறுவ வேண்டும். லினக்ஸ் மின்ட் 22-ன் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை இறக்குங்கள். ஏறத்தாழ 3 ஜிபி ஆகும், தினசரி டேட்டா பேக்கில் இரண்டு நாளாகப் பிரித்து இறக்கலாம், விட்ட இடத்திலிருந்து தொடரும் டவுன்லோட் மேனேஜர் இருந்தால். விண்டோஸில் ரூஃபஸ் (Rufus) என்ற கருவி வழியாக 8 ஜிபி பென்டிரைவில் எழுதி, ஆன் செய்யும்போது எஃப்12 அல்லது உங்கள் லேப்டாப்புக்குரிய விசையைத் தட்டிப் பென்டிரைவிலிருந்து தொடங்குங்கள். எதையும் நிறுவாமலே முழு டெஸ்க்டாப்பும் ஓடும். அரை மணி நேரம் அதில் வைஃபை, சவுண்ட், கேமரா, டச்பேட் எல்லாவற்றையும் சோதியுங்கள். பென்டிரைவிலிருந்து ஓடுவதால் மெதுவாகத்தான் இருக்கும், வேகத்தை வைத்து முடிவெடுக்க வேண்டாம். எல்லாம் வேலை செய்தால், 3-ம் படியில் சொன்ன பேக்அப் முடிந்ததா என்று மறுபடி பார்த்துவிட்டு இன்ஸ்டால் ஐகானைத் தட்டுங்கள். டிஸ்க் முழுவதையும் அழிப்பது, விண்டோஸுக்குப் பக்கத்தில் நிறுவுவது என இரண்டு வழி கேட்கும். முதல் வழியில் ஃபைல் ஒன்றும் மிஞ்சாது.

பென்டிரைவிலிருந்து தொடங்கும்போது இந்தப் பிராசசருக்கு ஒத்துவராது என்ற செய்தி வந்தால் அது 32 பிட் லேப்டாப். மின்ட் 22-ம் டெபியன் 13-ம் அதில் நிறுவ முடியாது. டெபியன் 12-ன் 32 பிட் பதிப்பை எடுத்து, நிறுவும்போது டெஸ்க்டாப் கேட்கும் இடத்தில் க்னோம் டிக்கை எடுத்துவிட்டு எல்எக்ஸ்க்யூடியை டிக் செய்யுங்கள். அந்த லேப்டாப்புக்கு எஸ்எஸ்டி, ரேம் என்று பணம் போட வேண்டாம். கடிதம் அடிக்கவும் பிடிஎஃப் படிக்கவும் ஓடும் வரை ஓடட்டும்.